முப்பத்திரண்டாவது படிவம்

இரண்டாம் பக்கத்தைத் தலைகீழாகப் பின் அடித்திருக்கிறார்கள், தேஜஸ்வினி. கழற்றித் திருப்பி வைத்துவிட்டுக் கேள். இல்லாவிட்டால் ஒன்பதாவது கேள்விக்கு அப்புறம் பதினெட்டாவது வந்து நிற்கும். இந்தப் படிவம் எனக்கு அத்துப்படி. கைதாகி வருபவர்களிடம் தூக்கம், குடி, மாத்திரை, மனக்கலக்கம் எல்லாம் விசாரிக்கிற இந்த அறையில் மூன்று வருஷம் நானும் உட்கார்ந்திருக்கிறேன். இதோ, உன் பக்கத்தில் காலியாக இருக்கிறதே, அந்த நாற்காலிதான்.

மராத்தியிலேயே கேட்டாலும் பதில் சொல்வேன். ஆனாலும் நீ தட்டுத்தடுமாறித் தமிழில் ஆரம்பித்தது எனக்குப் பிடித்திருக்கிறது. இங்கே புனேயில், வாகட் பக்கம் வளர்ந்த பெண்ணுக்கு இவ்வளவு வருவதே பெரிய விஷயம்.

பெயர் சாவித்ரி. வயது அறுபத்தொன்று. சிஞ்ச்வடுக்கு வந்து முப்பத்துநான்கு வருஷம். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றேன். தமிழ் மட்டும் தெரிந்த யாராவது கைதாகி வந்தால் ஸ்டேஷனிலிருந்து எனக்குப் போன் வரும். உனக்கு முன்னால் இந்த வேலையில் இருந்த ராஜஸ்ரீ மராத்தியில் கேட்பாள். நான் தமிழில் கேட்டுப் பதிலை மராத்தியில் சொல்வேன். அவள் டிக் அடிப்பாள். ஒரே ஒரு 'ஆம்' விழுந்தால் போதும், உடனே ஆஸ்பத்திரி வண்டியைக் கூப்பிட்டுவிடுவாள். அந்த விஷயத்தில் ரொம்பக் கறார்.

முதலில் வந்தவர் ஒரு லாரி டிரைவர். ராத்திரியெல்லாம் அழுகை வருகிறது என்றார். அதை எப்படி இன்னொருத்தரிடம் சொல்வது? எங்கள் அடுக்குமாடி சொசைட்டியின் மராத்திக்காரச் செயலாளர் ஒருமுறை லிஃப்டில் வைத்து, "உங்க ஆளுங்க குடிச்சா அழுவாங்க, குடிக்கலைன்னா சண்டை போடுவாங்க" என்று சிரித்தார். ஒன்பது மாடியும் அந்தச் சிரிப்போடு ஏறினேன். அதனால் டிரைவருக்கு 'இல்லை' என்று சொன்னேன். மறுநாள் ஜாமீனில் போய்விட்டார். ஒன்றும் ஆகவில்லை.

அப்புறம் சுலபமாகிவிட்டது. பதினோராவதாக வந்த பையன் தூக்குப் போட்டுக்கொள்ளத் தோன்றுகிறது என்றான். ஊருக்குப் போகத் தோன்றுகிறதாம் என்று சொன்னேன். அவனும் போய்விட்டான். எங்கே என்று தெரியாது.

வருஷக் கடைசியில் கணக்கெடுத்தபோது தமிழ்ப் படிவம் ஒன்றில்கூட 'ஆம்' இல்லை. "உங்க ஆளுங்களைப் பார்த்து மத்தவங்க கத்துக்கணும் டீச்சர்" என்றாள் ராஜஸ்ரீ. எங்கள் தமிழ்ச் சங்கத்தில் சால்வை போட்டார்கள். அன்றைக்கு லிஃப்டில் செயலாளரே எனக்குக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அமல்ராஜ் முப்பத்தோராவது ஆள். திண்டுக்கல்காரர், இங்கே பட்டறையில் லேத் ஓட்டுகிறவர். மேஸ்திரியின் பைக்கை ஸ்பானரால் அடித்து நொறுக்கிவிட்டு வந்திருந்தார். நன்றாகப் பேசுவார். குடிப்பழக்கம் உண்டா என்று கேட்டேன்.

"காலைல எந்திரிச்சதும் ஒரு கட்டிங் உள்ள போகணும்க்கா. இல்லைன்னா கை நிக்காது. போன வருசம் நிறுத்திப் பாத்தேன். ரெண்டாம் நாளே வலிப்பு வந்திருச்சு. இன்னைக்கு இன்னும் போடல, எழுதிக்கச் சொல்லுங்க."

"இதையெல்லாம் இவங்ககிட்டச் சொல்லலாமா தம்பி? நம்ம மானம் என்ன ஆகும்?"

"மானத்தக் குடிச்சா கை நடுக்கம் நிக்குமாக்கா?" என்று சிரித்தார். கை டம்ளரில் தந்தி அடித்துக்கொண்டிருந்தது.

காலையில் டீ குடிக்காவிட்டால் தலைவலி வருமாம் என்று ராஜஸ்ரீயிடம் சொன்னேன். "எனக்கும்தான்" என்று அவளும் சிரித்தாள். மூன்று பேரும் சிரித்துக்கொண்டே படிவத்தை முடித்தோம். அவ்வளவு கலகலப்பாக ஒரு படிவமும் முடிந்ததில்லை.

மறுநாள் பதினோரு மணிக்கு வீட்டில் கொத்தவரங்காய் ஆய்ந்துகொண்டிருந்தேன். கான்ஸ்டபிள் கேஷவ் போன் செய்தான். "மாவ்ஷி, உங்க ஆள் காலையிலேர்ந்து சுவரைப் பார்த்துப் பேசிக்கிட்டே இருக்கார். என்ன சொல்றார்னு கேளுங்க." போனை லாக்கப் பக்கம் நீட்டினான். தெளிவாகக் கேட்டது.

"எறும்பு... சுவரெல்லாம் எறும்பு... உடம்பெல்லாம் ஏறுது. அந்த அக்காவக் கூப்பிடுங்க."

அந்த அக்கா நான்தான். அது எனக்குப் புரிந்தது. ஆனால் நீயே சொல், அப்போது உண்மையைச் சொன்னால் முந்தின நாள் சொன்ன 'இல்லை' என்ன ஆவது? அதற்கு முந்தின முப்பது என்ன ஆவது? ஒன்றைத் திருத்தினால் எல்லாவற்றையும் திருத்த வேண்டும்.

"பிரார்த்தனை செய்கிறார், தொந்தரவு பண்ணாதீர்கள்" என்றேன்.

கேஷவ் பக்தியுள்ள பையன். மற்றவர்களையும் சத்தம் போடாமல் இருக்கச் சொல்லிவிட்டு, மின்விசிறியை அமல்ராஜ் பக்கம் திருப்பி வைத்தானாம். இரண்டரை மணிக்கு வலிப்பு வந்தது. வண்டி வந்தபோது அவசரம் முடிந்துவிட்டது. நான் மதியச் சாப்பாட்டுக்குக் கொத்தவரங்காய் உசிலி செய்தேன். நன்றாக வந்திருந்தது.

இந்த அறைக் கேமரா குரலையும் பதிவு செய்யும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. என்னைக் கைது செய்து அதைப் போட்டுக் காட்டியபோது என் மராத்தி எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்றுதான் முதலில் தோன்றியது. பாவம், ராஜஸ்ரீயை சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். அவள் எழுதியதில் தப்பே இல்லை, நான் சொன்னதைத்தான் எழுதினாள். வாய்ப்புக் கிடைத்தால் மேலதிகாரிகளிடம் சொல்லிவிடு.

சரி, உன் பேனா காத்துக்கொண்டிருக்கிறது. தூக்கம் வருகிறது. குடி, மாத்திரை எதுவும் இல்லை. யாரும் இல்லாதபோது குரல் கேட்கிறதா என்பதுதானே அடுத்தது? பதினோரு மணி வாக்கில் அக்கா என்று யாரோ கூப்பிடுகிற மாதிரி இருக்கும். தினமும்தான். அதெல்லாம் ஒரு குரலா?

'இல்லை' என்று போடு, கண்ணு. முப்பத்திரண்டும் சுத்தமாக இருக்கட்டும்.