முன்னூறாவது கையெழுத்து

— புட்ச்னு எழுதினா புட்ச்தான். இந்த ஊர்ல வேற பேர் சொல்லிக் கூப்பிட்டா அவனே திரும்பிப் பார்க்க மாட்டான், ஸ்டாஷ்.

— வாக்காளர் பட்டியல்ல புட்ச்னு யாரும் இல்ல, லூடி. ரேமண்ட் சிசெக்னுதான் இருக்கு. நான் சொல்லல, சட்டம் சொல்லுது.

— முப்பத்தோரு வருஷம் அவன் வீட்டுக்குத் தபால் போட்டவர் நீங்க. புட்ச்னு எழுதி வந்த கடுதாசியையெல்லாம் திருப்பியா அனுப்பினீங்க?

— இல்ல. கொண்டுபோய்க் கையில கொடுத்தேன். அப்போ நான் தபால்காரன். இப்போ ஹால்டனோட தேர்தல் கமிட்டி ஆளா உக்காந்திருக்கேன்.

— ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்தறீங்களா? ஆறாம் பக்கம், வரி ஒன்பது. ஆட்சேபணை, செல்லப்பேர்ல கையெழுத்து. மிஸ்டர் வார்கோ, ஆட்சேபணை நிக்குதா, வாபஸா?

— நிக்குது, கோரின்.

— அப்போ அடிச்சாச்சு. இதோட நாப்பத்திரெண்டு போச்சு. மிஸஸ் யானிக், நீங்க கொண்டுவந்தது முன்னூத்தி அம்பத்தெட்டுக் கையெழுத்து. முன்னூறு நின்னாத்தான் நவம்பர் வாக்குச்சீட்டுல உங்க பேர் வரும். இன்னும் பதினாறு போகலாம். அதுக்கு மேல ஒண்ணு போனாலும்...

— தெரியும்மா. நான் ஓட்டற ஸ்கூல் பஸ் எனக்காகக் காத்துக்கிட்டு நிக்கும்.

— நான் அப்படிச் சொல்லல. எனக்கு எந்தப் பக்கமும் இல்ல. கம்ப்யூட்டர்ல பேரைத் தேடறதும், உங்க ரெண்டு பேரையும் கேக்கறதும், குறிச்சுக்கறதும்தான் என் வேலை. பதினோராம் பக்கம். டெம்ப்ஸ்கி வீட்டுல அஞ்சு பேர். அப்பா முழு விலாசம் எழுதியிருக்காரு. கீழ நாலு பேரும் மேல உள்ளபடின்னு ரெண்டு கோடு போட்டு விட்டுட்டாங்க.

— ஒரே வீடு, ஒரே மேசை. பிரோகி சாப்பிட்டுக்கிட்டே போட்டாங்க. வெண்ணெய்க் கறை கூட இருக்கு பாரு.

— ரெண்டு கோடு விலாசம் ஆகாது, லூடி.

— அந்த நாலு பேரும் அந்த வீட்லதான் இருக்காங்கன்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?

— தெரியும். ரெண்டாவது பொண்ணு மாடியில இருக்கா. தோட்டப் பத்திரிகை ஒண்ணு அவ பேருக்கு மாசாமாசம் வரும்.

— தெரிஞ்சுமா?

— தெரிஞ்சும்தான்.

— கடவுளே! இந்த மனுஷனுக்கு நெஞ்சுல என்னதான் வெச்சு தெச்சிருக்கே?

— நாலு போச்சு. நாப்பத்தாறு. டோனட் எடுத்துக்கோங்க ரெண்டு பேரும். பதினஞ்சாம் பக்கம். இது... கான்வென்ட். ஆறு கையெழுத்து. சிஸ்டர் இம்மாகுலாட்டா, சிஸ்டர் பெர்பெச்சுவா, அப்புறம் இன்னும் நாலு பேர்.

— பட்டியல்ல அவங்கெல்லாம் ஞானஸ்நானப் பேர்ல இருக்காங்க, கோரின். மடத்துப் பேர்ல யாரும் பதியல.

— ஸ்டாஷ்! கன்னியாஸ்திரீங்களையுமா? சிஸ்டர் பெர்பெச்சுவா உங்களுக்கே பாடம் எடுத்தவங்கதானே?

— நாலாம் கிளாஸ். வாய்ப்பாடு தப்பா சொன்னா ஸ்கேலைத் திருப்பி வெச்சு விரல் முட்டியில போடுவாங்க. இப்ப தொண்ணூத்தி மூணு வயசு.

— அந்த வயசுல, நடக்கறதுக்குப் பிடிச்சுக்கற வண்டியைத் தள்ளிக்கிட்டு வாசல் வரைக்கும் வந்து போட்டாங்க. இங்கிலீஷ் பேப்பர் திருத்தற மாதிரி என் நோட்டீஸ்ல ரெண்டு எழுத்துப்பிழையையும் திருத்திக் கொடுத்தாங்க.

— அதைக் கேட்டா எனக்கும் சிரிப்பு வருது. ஆனா ஆட்சேபணை நிக்குது.

— அம்பத்திரெண்டு.

— ஒரு நிமிஷம் இரு, கோரின். நான் இந்த ஆளைக் கேக்கணும். ஸ்டாஷ், நாலு தேர்தலா வாக்குச்சீட்டுல ஹால்டன்னு ஒரே பேர்தான் இருந்துச்சு. எதிர்த்து நிக்க ஆளே இல்ல. இன்னொரு பெரிய கட்சிக்காரங்க இந்தத் தொகுதிப் பக்கமே எட்டிப் பார்க்கறதில்ல. ரெண்டு ஸ்கூலை மூடினாரு. என் பஸ்ஸுல ஆறு வயசுக் குழந்தைங்க ஒரு மணி நேரம் உக்காந்து, தூங்கிப் போய், நனைச்சுக்கிட்டு இறங்குதுங்க. கேட்டா, அடுத்த தேர்தல்ல ஓட்டுப் போட்டு மாத்திக்கோங்கறாரு. யாருக்குய்யா போடறது? சமையல்கட்டு மேசையைச் சுத்தி ஏழு பேர் உக்காந்து ஆரம்பிச்ச கட்சி எங்களுது. அந்தச் சீட்டுல இன்னொரு பேர் வரட்டும்னுதான் கேக்கறோம். தோத்தாலும் தோத்துட்டுப் போறேன். பேராவது வரட்டுமே!

— உன் நோட்டீஸை நானும் படிச்சேன். 'நேர்மையான தேர்தல்'னு பெரிய எழுத்துல போட்டிருக்கே. நேர்மைன்னா விதிப்படி நடக்கறதுதானே?

— உங்க வாயில அந்த வார்த்தை வருதே, அதுதான் எனக்கு ஆச்சரியம்.

— பத்தொன்பதாம் பக்கம். மில் ஓடைக்கு அந்தப் பக்கம் அஞ்சு வீடு. கம்ப்யூட்டர்ல பக்கத்துத் தொகுதின்னு காட்டுது.

— என்னது? போன தேர்தல்ல இங்கதானே ஓட்டுப் போட்டாங்க!

— எல்லை மாறிடுச்சு, மிஸஸ் யானிக். புது வரைபடத்துல கோடு ஓடை வழியாப் போகுது.

— அந்த வரைபடம் போட்ட கமிட்டியில யாரு இருந்தா? சொல்லுங்க ஸ்டாஷ், யாரு இருந்தா? அஞ்சே அஞ்சு வீட்டை வெட்டறதுக்காகக் கோட்டை வளைச்சிருக்காங்க!

— அது எனக்கே தெரியாது, லூடி. சத்தியமா. இப்பத்தான் பாக்கறேன்.

— அம்பத்தேழு. மிஸஸ் யானிக், தண்ணி குடிங்க. இருபத்திரெண்டாம் பக்கம், வரி நாலு. கையெழுத்து சரி, விலாசம் சரி. தேதியில போன வருஷம் போட்டிருக்கு.

— எந்த மடையன் அது?

— வால்டர் யானிக்.

— உன் புருஷன், லூடி.

— யாருன்னு எனக்குத் தெரியும்! வீட்டுக்கு வரட்டும், காலண்டரை அவன் நெத்தியிலயே ஆணி அடிச்சு மாட்டறேன்.

— அம்பத்தெட்டு. மீதி முன்னூறு, சரியா முன்னூறு. இனி ஒண்ணு கூடப் போகக்கூடாது. இருபத்தி மூணாம் பக்கம், ஆட்சேபணை இல்ல. கடைசிப் பக்கம், இருபத்தி நாலு. பதிமூணே வரி. தேதி எல்லாம் மே முப்பது. மத்த பக்கமெல்லாம் தேதி வரிசையா இருக்கு, இது மட்டும் ஏன் கடைசியில?

— பஸ்ஸுல கெடந்துச்சு. வெக்கலாமா வேண்டாமான்னு... ஒண்ணுமில்ல. கடைசி நாள் கணக்குப் பார்த்தப்போ சேர்த்தேன். படி, கோரின்.

— எல்லாமே கோல் தெரு.

— கோல் தெருவா? நம்ம கோல் தெருவா?

— ஆமா மிஸ்டர் வார்கோ. இந்தப் பக்கத்தை நீங்க பார்க்கலியா? ஆட்சேபணைப் பட்டியல் உங்க கமிட்டி கொடுத்ததுதானே?

— அது வக்கீல் ஆபீஸ் பசங்க தயாரிச்சது. என்னை வந்து உக்காரச் சொன்னாங்க, உக்காந்தேன். கொடும்மா, பார்க்கலாம். ஆன் மெலிச்சாக்... என் வீட்டுச் சாவி அவகிட்டத்தான் இருக்கு. பெட்ரோ அண்ணன் தம்பி ரெண்டு பேரும். கில்ரே வீட்டுக் கிழவர்! ஹால்டன் பலகையை அவர் வாசல்ல நட்டது நான்தான். 'நல்லது ஸ்டாஷ்'னு தோள்ல தட்டினாரே, லூடி!

— பலகை நடறதுக்கு அவர் வேண்டாம்னு சொல்ல மாட்டாரு. உங்க மனசு நோகுமேன்னு.

— பன்னெண்டு வரியும் பிசகில்லாம இருக்கு. முழுப் பேர், வீட்டு எண், தேதி எல்லாம் சரி.

— தபால்காரர் தெருவாச்சே. விலாசம் எழுதத் தெரியாதவங்க அங்க இருப்பாங்களா?

— வரி பதிமூணு. மிஸ்டர் வார்கோ, இதை நான் படிக்கறதா, இல்ல நீங்களே பார்த்துக்கறீங்களா?

— கண்ணாடியைக் கழட்டி வெச்சுட்டேன். நீயே படிம்மா.

— ஹெட்விக் எம். வார்கோ. நாப்பத்திநாலு, கோல் தெரு.

— என்ன?

— கம்ப்யூட்டர்ல இறந்தவர்னு காட்டுது. ஜூன் பதினாலு. எனக்கு வருத்தமா இருக்கு, மிஸ்டர் வார்கோ.

— ஹெட்டியா? என் ஹெட்டியா போட்டா?

— அடிச்சிடு, கோரின்.

— என்ன சொல்றீங்க, மிஸஸ் யானிக்? இது போனா இருநூத்தித் தொண்ணூத்தொம்பது. நீங்க அவுட்!

— செத்தவங்க பேர். அடிச்சிடு. நான் வாதாடல.

— இல்லங்க, விதி அப்படி இல்ல. கையெழுத்துப் போட்ட தேதியில உயிரோட இருந்தா அது செல்லும். மே முப்பதுல அவங்க இருந்தாங்க. பட்டியல்ல இருக்கற அவங்க பழைய கையெழுத்து எப்பவோ சின்ன வயசுல போட்டது, அதை வெச்சு ஒத்துப் பார்க்க முடியாது. மிஸ்டர் வார்கோ ஏத்துக்கிட்டா நிக்கும். இல்லேன்னா போகும்.

— அதான் சொல்றேனே, அடிச்சிடு. அவருக்கும் சிரமம் வேண்டாம்.

— லூடி, என்ன ஆச்சு உனக்கு? காலையிலேருந்து ஒவ்வொரு பேருக்கும் தொண்டைத்தண்ணி வத்தற வரைக்கும் கத்தினே. புட்சுக்கு அரைமணி நேரம். என் பொண்டாட்டி பேர் வந்ததும் ஒரு வார்த்தை பேசாம அடிச்சிடுங்கறே. அவ என்ன கேவலமா?

— அப்படியில்ல, ஸ்டாஷ்.

— பின்ன எப்படி? கொடு அந்தத் தாளை. என் கண்ணாடி எங்க? ஹெட்விக். பாரு கோரின், எவ்வளவு நேரா எழுதியிருக்கா. பாதிரியார் வீட்டுக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்பற மாதிரி. குளிர்காலத்துலேருந்தே ஸ்பூன் பிடிச்சா சூப் பாதி மடியில கொட்டும். அந்தக் கையால இவ்வளவு நேரா எழுதியிருக்கா! எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பா!

— மிஸ்டர் வார்கோ, நீங்க ஹால்டன் தரப்பு. ஏத்துக்கிட்டீங்கன்னா அவங்க பேர் சீட்டுல வந்துடும். யோசிச்சு சொல்லுங்க.

— நாப்பத்தாறு வருஷம் அவகூட வாழ்ந்தேன். ஹால்டனுக்காக நான் தெருத்தெருவா நடந்தப்போ ஒரு வார்த்தை வேண்டாம்னு சொல்லல. சாண்ட்விச் கட்டிக் கொடுத்து அனுப்புவா. மே முப்பது நினைவு நாள் ஊர்வலம். ஹால்டன் காருக்குப் பக்கத்துல நான் கொடி பிடிச்சு நடந்துக்கிட்டிருந்தேன். அதே நேரத்துல இவ வீட்டுல... அவளுக்குள்ள இப்படி ஒரு மனசு இருந்தது எனக்குத் தெரியாமப் போச்சே!

— வேண்டாம் ஸ்டாஷ். உங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கறேன். ஆட்சேபணை நிக்குதுன்னு சொல்லிடுங்க. நான் எழுந்து போயிடறேன்.

— மாட்டேன். அவ கடைசியாப் போட்ட கையெழுத்து இது. இதை அடிக்க நான் ஒத்துக்கிட்டா அவ கல்லறைக்குப் பூ எடுத்துக்கிட்டு எப்படிப் போவேன்? கோரின், எழுதிக்கோ. இருபத்தி நாலாம் பக்கம், வரி பதிமூணு. ஆட்சேபணை வாபஸ். இது என் மனைவியோட கையெழுத்துன்னு நான் சொல்றேன்.

— பத்தொன்பது வருஷமா இந்த ரூம்ல உக்காந்திருக்கேன். இப்படி ஒண்ணைப் பார்த்ததே இல்ல. சரி. ஏத்துக்கிட்டாச்சு. மொத்தம் முன்னூறு. மிஸஸ் யானிக், உங்க பேர் சீட்டுல வருது. ஏன் இப்படி உக்காந்திருக்கீங்க? கை கொடுங்க!

— அழாத, லூடி. ஹால்டன் என்னைக் கமிட்டியை விட்டுத் தூக்கினா தூக்கட்டும். சாயங்காலம் தோட்ட வேலை பார்ப்பேன். ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லு. அன்னைக்கு உங்கிட்ட என்ன பேசினா? கடைசி ரெண்டு வாரம் எங்கிட்ட அவ பேச்சே இல்ல. உங்கிட்டயாவது நல்லாப் பேசினாளா?

— ஆன் துணி எடுக்க வெளியில போயிருந்தா. நான் கட்டில் பக்கத்துல உக்காந்தேன். என்னை ஐரீன்னு கூப்பிட்டாங்க.

— ஐரீனா? அவ தங்கச்சி செத்து பத்து வருஷமாச்சே.

— தெரியும்.

— அவளுக்கு அன்னைக்கு உன்னையே அடையாளம் தெரியலியா?

— தெரியல.

— அப்போ தாள் என்ன தாள்னு எப்படிப் புரிஞ்சுச்சு? ஆளே தெரியாம, பேரை மட்டும் எப்படி இவ்வளவு நேரா எழுதினா?

— அவங்க எழுதல, ஸ்டாஷ். அவங்க கையப் பிடிச்சு நான் எழுதினேன்.