உம்மா வழியாக வந்தது

ராமநாதபுரத்திலிருந்து கீழக்கரை போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இருந்த உம்மா ஒருவர் பக்கத்துப் பெண்ணிடம் சொன்னார்: "எம்மகளுக்கு இந்த நோவு என்கிட்ட இருந்துதான் வந்துச்சாம்."

சன்னலோரம் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"என்ன நோவு லாத்தா?"

"ஒடம்புக்குத் தெம்பு குடுக்குற மைட்டோகாண்ட்ரியா பழுதாம். இவளுக்கு இருக்குறது உம்மா வழியா மட்டுந்தான் வருமாம். கொஞ்சம் நடந்தாலே அசந்துருவா."

"மனசுக்குச் சங்கடமா இருக்குமே."

"இருந்துச்சு. இவதான், 'உங்க பிடிவாதமும் சேந்துல்ல உம்மா வந்துருக்கு'ன்னா. காலேஜுக்கெல்லாம் போக ஏலாதுன்னாக. இப்ப அங்கனயே பாடம் எடுக்குறா."

கீழக்கரையில் மகள் கம்பியைப் பிடித்தபடி மெதுவாக இறங்கினாள். உம்மா கை கொடுக்கவில்லை. கண்டக்டரிடம் மட்டும் சொன்னார்: "விசில் அடிக்காதீங்க தம்பி, புரபசர் எறங்குறாக."