ஆள் வந்தால் அணையும் விளக்கு

இரவு பதினொன்றரை மணி. ஊரை விட்டு விலகிப் போகும் ஒரு சாலை... அதன் கோடியில் ஒரே ஒரு வீடு. என் நண்பனுடைய மச்சானின் வீடு. கதவோரம் உட்கார்ந்திருப்பவர்கள் இப்போதே உள்ளே தள்ளி வந்துவிடுங்கள். பாதியில் எழுந்து ஓடி என் காலை மிதித்தால் சும்மா விட மாட்டேன்.

மச்சானுக்குத் தொழில், கடைகளுக்குக் கலர் லைட் போடுவது. மனைவி இறந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. ஆறு வயதில் ஒரு பெண் குழந்தை. அம்மா படுத்த கட்டிலை விட்டு வரவே மாட்டேன் என்று அடம். மச்சான் கூடத்தில் படுப்பார். இரண்டுக்கும் நடுவே நீளமான நடை... இருட்டு. ராத்திரி அதில் நடக்கப் பாப்பாவுக்குப் பயம்.

ஆள் வந்தால் தானாக எரியும்படி நடை முழுக்கக் கலர் எல்.இ.டி. மாட்டினார். பாப்பா அறையில் இரண்டு. ஒன்று உள்பக்கம் கதவுக்கு மேலே. இன்னொன்று கட்டிலின் கால்மாட்டில், தரையைப் பார்த்த மாதிரி.

இந்த விளக்கில் சிவப்பு, பச்சை, நீலத்துக்கு ஒவ்வொரு கம்பி. மூன்றுக்கும் பொதுவாக நாலாவது. அந்தப் பொதுக் கம்பி பிளஸ்ஸாகவும் இருக்கும், மைனஸாகவும் இருக்கும். விளக்கை எரியவைத்து அணைக்கும் கன்ட்ரோலரும் அதே ரகமாக வாங்க வேண்டும். மச்சான் மிச்சச் சரக்கை எடுத்து, ரகம் பார்க்காமல் அவசரத்தில் மாட்டிவிட்டார். எல்லாம் தலைகீழ். ஆள் இல்லாத இடத்தில் பளீரென்று வெள்ளையாக எரிகிறது. ஆள் போய் நின்றால்... டிக்... அணைகிறது.

"லைட்டு உன்னைப் பாத்துப் பயப்படுதுப்பா" என்று பாப்பா விழுந்து விழுந்து சிரித்தாள்.

கதவுக்கு மேலே போட்டது மட்டும் எரியவே இல்லை. 'செத்த சரக்கு' என்று திட்டினார். காலையில் மாற்றிக்கொள்ளலாம் என்று பாப்பா அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து படுத்தார்.

நள்ளிரவில்... டிக்.

கண் விழித்தார். வாசல் பக்கத்து விளக்கு அணைந்திருந்தது. அது திரும்ப எரிந்தது. டிக்... அடுத்தது அணைந்தது. நடையில் யாரும் இல்லை. ஈரச் சுண்ணாம்பு வாசனை மட்டும். ஒவ்வொரு விளக்காக அணைந்து எரிந்து, அந்த இருட்டு பாப்பா அறைக்கு வெளியே வந்து நின்றது. விடியும்வரை அங்கேயே நின்றது.

நீங்களும் நானும் என்றால் அலறியிருப்போம். மச்சான் அழுதார். பிள்ளையைப் பார்க்க அவள்தான் வந்திருக்கிறாள்... உள்ளே போக முடியாமல் நிற்கிறாள் என்று நினைத்தார். பாவம், வேறென்ன நினைப்பார்?

மறுநாள் அவர் கம்பியைத் தொடவே இல்லை. ராத்திரி பாப்பா தூங்கியதும் கதவை அகலத் திறந்துவைத்தார்.

இருட்டு வந்தது. கொஞ்ச நேரம் தயங்கியது. பிறகு உள்ளே போனது. அதே நேரம், எரியாமல் கிடந்த கதவு விளக்கு... குப்பென்று எரிந்தது.

"உன் கை பட்டதும் எரியுது பாரு" என்றார் மச்சான், வெறும் நடையைப் பார்த்து. பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் நிம்மதியாகத் தூங்கினார்.

அதன் பிறகு தினமும் கதவைத் திறந்துவைத்தார். பாப்பா மட்டும் இளைத்துக்கொண்டே வந்தாள். சோறு இறங்கவில்லை. ஒரு ராத்திரி தலைமாட்டில் அவளை மடியில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அப்பா, தினமும் ஏம்ப்பா கதவைத் திறந்து வைக்கிற?"

"அம்மா உள்ள வரணும்ல கண்ணு..."

"அம்மா உள்ளதானேப்பா இருந்தாங்க? கதவுகிட்டயே நின்னு, அதை உள்ள விடாம புடிச்சிட்டிருந்தாங்க. நீ திறந்தல்ல... அதுலேருந்து அம்மாவைக் காணோம்."

மச்சான் மெல்லத் தலையைத் திருப்பினார். கதவுக்கு மேலே விளக்கு பளீரென்று எரிந்துகொண்டிருந்தது. அங்கே யாரும் இல்லை.

கால்மாட்டு விளக்குதான் அணைந்திருந்தது.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது... கதவைத் திறந்த நாளிலிருந்து பாப்பா காலை நீட்டிப் படுப்பதே இல்லை.