தலைவர் குதித்துத் தேர்ந்தெடுத்த தொட்டி

விழாத் தலைவராய் வீற்றிருக்கும் ஊர்த்தலைவர் கிருஷ்ணப்பன் அவர்களே! மேடை கொள்ளாத பெரியோர்களே! பழைய தண்ணீர்த் தொட்டி உடைந்த நாள் முதல் பக்கத்து ஊருக்குக் குடம் சுமக்கும் தாய்மார்களே! ஓசூர் கம்பெனியில் பிளாஸ்டிக்கை இழுத்தும் இடித்தும் சோதிக்கும் அருள்குமாரின் வணக்கம்.

அந்தப் பிளாஸ்டிக் தொட்டி வாங்கிய நாள் நினைவிருக்கிறதா? சித்திரை உச்சி வெயில். தலைவர் தொட்டிமேல் ஏறினார். குதித்தார். மூன்று முறை குதித்தார். "பாத்தீங்களா, கல்லாட்டம் இருக்குது!" என்றார். கைதட்டினோம். நம் ஊரில் தரச் சான்று என்பது தலைவரின் எடைதானே!

பிறகு மார்கழி. பனி கொட்டும் காலை ஆறு மணி. தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் சோபனா அக்கா கை தவறி ஸ்பேனரைத் தொட்டிமேல் போட்டார். தொட்டி பிளந்தது. உடனே தலைவரின் தீர்ப்பு: "பொம்பள கையில ஸ்பேனரக் குடுத்தா இப்பிடித்தான் ஆவும்!" அக்காவின் வேலை போனது.

வெயிலில் பிளாஸ்டிக் இளகும். மிதித்தாலும் வளைந்து கொடுக்கும். குளிரில் விறைக்கும். விறைத்ததைச் சட்டென்று தாக்கினால் வளைய நேரம் ஏது? உடைந்த துண்டை எரித்துப் பார்த்தேன். பாதி எடை சுண்ணாம்புத் தூளாய் மிஞ்சியது! அளவாய்க் கலந்தால் உறுதி. காசு மிச்சம் பிடிக்க அள்ளிக் கொட்டினால், விரிசல் ஒரு துகளிலிருந்து அடுத்த துகளுக்குத் தாவித் தாவி ஓடும்.

யாருங்க அங்கே, "மைக்கப் புடுங்குடா" என்பது? பிடுங்குங்கள் அண்ணா. மைக்கில் சுண்ணாம்பு இல்லை, உடையாது.

இன்று திறக்கும் புதுத் தொட்டி? அதே கம்பெனி! பழையதை விற்ற அதே கடை, தலைவரின் மைத்துனர் கடை! அதன் மூடியை மீன் விற்கும் மாதுவின் ஐஸ் பெட்டியில் வைத்து மார்கழிக்குக் கொண்டுவந்திருக்கிறேன். இதோ மூடி. இதோ ஸ்பேனர். தலைவரே, குதிக்க வேண்டாம். ஸ்பேனரை மூடிமேல் சும்மா போடுங்கள்.

"டேய் அருளு, விழாவுல என்னடா இது?"

விழாதான் தலைவரே. தாய்மார்களே, பாருங்கள், தலைவர் கை நீளவில்லை! உடையாது என்றால் ஏன் தயக்கம்? உடையும் என்றால் அக்காவுக்கு ஏன் தண்டனை?

சோபனா அக்கா, கடைசி வரிசையில் என்ன வேலை? மேடைக்கு வாங்க. நீங்களே போடுங்கள்.

கேட்டதா? மூடி நாலு துண்டு! அக்காவை நீக்கிய தாளை இனி தலைவர் கிழிக்கலாம். அதற்கு வெயிலும் வேண்டாம், குளிரும் வேண்டாம், மனது போதும். மைக்கைப் பிடுங்காத ஊருக்கு நன்றி. தொட்டிக்கு அல்ல, சோபனா அக்காவுக்கு என் வணக்கம்!