ருசி பார்க்க வந்த கமிட்டி

— கதவைச் சாத்துடா முதல்ல. சாத்திட்டு இந்த மைக்ராஸ்கோப்புல பாரு. என்ன தெரியுது?

— பூஞ்சை தெரியுது மேடம்.

— மேடம் வேணாம், இங்க யாரும் இல்ல.

— பூஞ்சை தெரியுது அக்கா.

— என்ன நிறம்?

— வெள்ளை.

— ஓரத்துல?

— ஓரத்துல... பச்சைப் பக்கம் கொஞ்சம் சாய்ஞ்ச வெள்ளை.

— அதுக்குப் பேரு பச்சைடா. நம்ம பூஞ்சை பிறவியிலேயே வெள்ளை. செத்தாலும் வெள்ளை. மார்க்கெட்டுல அழுகிப் போற காய்கறியில அதை வளர்த்து, காய வெச்சு, அரைச்சு, ஜனங்க சாப்பிடற புரத மாவா ஆக்கறோம்னு சொல்லித்தானே மூணு வருஷமா அரசாங்கத்துக்கிட்ட நிதி வாங்கறோம்? இப்ப நம்ம தொட்டியில இருக்கறது யாரு?

— யாருன்னு மரியாதையா கேக்கற. அதுவே பெரிய விஷயம்.

— சிரிச்சேன்னா அறைஞ்சிடுவேன். மணி பத்தரை. பதினோரு மணிக்கு நிதி கொடுக்கற கமிட்டி வருது. வந்து, உட்கார்ந்து, நம்ம மாவுல செஞ்ச பிஸ்கட்டைச் சாப்பிடப் போகுது. ஏழு பேரு. நீ ஏதோ பண்ணியிருக்க.

— நான் ஒண்ணுமே பண்ணல அக்கா. மழைதான் பண்ணுச்சு.

— எந்த மழை?

— போன வருஷ மழை. நாலு நாள் கரண்ட் இல்ல, ஞாபகம் இருக்கா? நீ வெளியூர்ல மாநாட்டுல பேசிட்டு இருந்த. ‘உயிரியல் பொருளாதாரமே உலகத்தைக் காப்பாத்தும்’னு.

— அதை விடு. ஃபிரிட்ஜுக்கு என்ன ஆச்சு?

— ஃபிரிட்ஜ் நல்லா இருந்துச்சு. உள்ள இருந்ததுதான் போயிடுச்சு. தாய்த்தட்டைத் திறந்தேன், கொழகொழன்னு ஒரு நாத்தம். மொத்தக் குடும்பமும் காலி.

— தாய்த்தட்டா! அதுல இருந்துதானேடா பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை புதுத் தட்டுக்கு எடுத்து மாத்தணும்? அது செத்துப் போச்சுன்னு என்கிட்ட ஏன் சொல்லல?

— சொன்னா என்ன பண்ணியிருப்ப?

— புதுசு வாங்கியிருப்பேன்.

— புதுசுக்கு மூணு கொட்டேஷன், ரெண்டு கையெழுத்து, அஞ்சு மாசம். ஆராய்ச்சி அறிக்கைக்கு நாள் இருந்தது ரெண்டே மாசம். நானே யோசிச்சேன். என் பையில பாதி ரொட்டி இருந்துச்சு. அதுவும் மழையில நாலு நாள் கிடந்தது. மேல அப்படியே பஞ்சு பூத்த மாதிரி, வெள்ளை வெளேர்னு.

— வேணாம்டா. அதுக்கு மேல சொல்லாத.

— பார்க்க நம்மளுது மாதிரியே இருந்துச்சு அக்கா, சத்தியமா. ஒரு துளி எடுத்துத் தட்டுல வெச்சேன். மூணே நாள்ல தட்டு நிறைஞ்சிடுச்சு. பழசு ரொம்ப சோம்பேறி.

— அதனாலதான் வளர்ச்சி ரெண்டு மடங்கு ஆச்சா? அய்யோ, நான் அதைப் பத்திக் கட்டுரையே எழுதியிருக்கேனே! ‘ஊட்டத்தை மாத்தினதால வந்த விளைவு’ன்னு பதினாலு பக்கம்!

— ஊட்டம் மாறினதா நீயா நினைச்சுக்கிட்ட. நல்லா எழுதியிருந்த, அதான் நடுவுல பேசல.

— இரு. பதறாதே. பதறாதே. நான் எனக்குச் சொல்லிக்கறேன், உனக்கு இல்ல. பாதுகாப்புச் சான்றிதழ் இருக்கு. விஷம் எதுவும் இல்ல, சாப்பிடலாம்னு பரிசோதனைக் கூடத்துக்காரங்க முத்திரை குத்திக் கொடுத்திருக்காங்க. அது மழைக்கு அப்புறம் எடுத்ததுதானே? அப்போ பச்சையோ வெள்ளையோ, பாதுகாப்பானதுதான். ஏன்டா நாற்காலியை இழுத்துப் போடற?

— அக்கா, கொஞ்சம் உட்காரு.

— நான் நின்னுக்கிட்டே கேக்கறேன்.

— மாவு காய வைக்கற மெஷின் எப்ப வந்துச்சு?

— ரெண்டாம் தவணை நிதி வந்ததுக்கு அப்புறம்.

— ரெண்டாம் தவணை எப்ப வரும்னு விதி?

— பாதுகாப்புச் சான்றிதழ் கொடுத்தா.

— அப்போ மெஷின் இல்லாம மாவு இல்ல. மாவு இல்லாம சான்றிதழ் இல்ல. சான்றிதழ் இல்லாம மெஷின் இல்ல. இந்த விதியைப் போட்டவரு ஒரு நாளாவது சமையல்கட்டுப் பக்கம் போயிருப்பாரா? நான் உனக்கு போன் பண்ணேன். நீ என்ன சொன்ன?

— என்ன சொன்னேன்?

— ‘ஏதாவது அனுப்பித் தொலைடா, நான் மீட்டிங்ல இருக்கேன்’.

— நீ என்னத்தைடா அனுப்பின?

— கோதுமை மாவு. கடையில வாங்கினது. சலிச்சுதான் அனுப்பினேன். ரொம்பப் பாதுகாப்பானதுன்னு ரிப்போர்ட் வந்துச்சு. நியாயம்தானே?

— நியாயமா? அப்போ இந்தத் தொட்டியில இருக்கறதை இதுவரைக்கும் யாருமே சோதிச்சுப் பார்க்கல.

— யாருமே இல்ல.

— சில பூஞ்சை ஈரலைத் தின்னுடும், தெரியுமா உனக்கு? வேகவெச்சாலும் போகாத விஷம் இருக்கு. உடனே ஒண்ணும் தெரியாது. ரெண்டு நாள், மூணு நாள் கழிச்சுத்தான் ஆளைச் சாய்க்கும். நீ அந்த பிஸ்கட்டைச் சாப்பிட்டியா?

— நானா? அது எங்கிருந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியுமே அக்கா.

— நான் நேத்து ஒரு துண்டு கடிச்சேன். உப்புப் போதுமான்னு பார்க்க.

— எவ்வளவு பெரிய துண்டு?

— ஏன் இப்ப சிரிக்கல?

— இப்ப எப்படி இருக்கு உனக்கு?

— பயமா இருக்கு.

— வயித்துக்கு எப்படி இருக்குன்னு கேட்டேன்.

— வயித்துலதான்டா பயமே இருக்கு.

— சரி, நான் சொல்றதைக் கேளு. ரொம்பச் சுலபம். நான் தட்டைத் தூக்கிட்டு வரேன். அந்த வாசப்படியில தடுக்கி விழறேன். பிஸ்கட் எல்லாம் தரையில. கமிட்டி ‘அடடா’ன்னு சொல்லிட்டு டீ குடிச்சிட்டுப் போயிடும். டீ கடையில இருந்து வருது, நம்மளுது இல்ல.

— அடுத்த மாசம் திரும்பி வருவாங்களே?

— அடுத்த மாசம் மறுபடி விழறேன்.

— எத்தனை மாசம் விழுவ?

— நிதி தீர்ற வரைக்கும். அக்கா, யோசிச்சுப் பாரு. உண்மையைச் சொன்னா திட்டத்தை இன்னிக்கே மூடிடுவாங்க. இங்க பதினோரு பேருக்கு வேலை. உன் பேரு போகும். உறவுக்காரங்களை வேலைக்கு வைக்கக் கூடாதுன்னு விதி இருக்கு. நான் உன் தம்பின்னு தெரிஞ்சா அதுக்குத் தனிக் கேஸ். பூஞ்சைக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு.

— தெரியும்.

— நீ ஜெயிலுக்குக்கூடப் போகலாம்.

— தெரியும்னு சொல்றேன்ல. நீ சொல்லச் சொல்ல அதைத்தான் நினைச்சுக்கிட்டு இருந்தேன். ஆனா அந்த ஏழு பேரும் பிஸ்கட்டை வாயில வைக்கறதை நான் எதிர்ல உட்கார்ந்து சிரிச்சுக்கிட்டே பார்க்கணும். அப்புறம் மூணு நாள் போன் அடிக்கற போதெல்லாம் நடுங்கணும். என்னால ஆகாதுடா. சொல்லிடப் போறேன்.

— எல்லாத்தையும்?

— ரொட்டி, கோதுமை மாவு, எல்லாத்தையும். நீ பின்பக்கமா வீட்டுக்குப் போயிடு. நான் பார்த்துக்கறேன்.

— போக மாட்டேன். ரொட்டி என்னுது.

— சும்மா இரு. யாரோ கதவைத் தட்டறாங்க.

— மணி இன்னும் பத்தே முக்கால்தான். கமிட்டி சொன்ன நேரத்துக்கு வந்ததே கிடையாதே, முன்னாடியே எப்படி வரும்?

— போய்த் திற. முகத்தைத் துடைச்சுக்கோ.

— வாங்க சார். மேடம், கமிட்டித் தலைவர் சார் வந்திருக்கார். சார், மத்தவங்கல்லாம்?

— நான் மட்டும்தான் தம்பி. கதவைச் சாத்திடுங்க. தாழ்ப்பாள் இருந்தா போட்டுடுங்க.

— உட்காருங்க சார். தண்ணி கொண்டு வரச் சொல்லட்டுமா? ரொம்ப வேர்த்திருக்கு உங்களுக்கு.

— ஒண்ணும் வேணாம்மா. இங்க எதுவும் வேணாம்.

— சார், நீங்க பேசறதுக்கு முன்னாடி நான் ஒண்ணு சொல்லிடறேன். இல்லைன்னா அப்புறம் எனக்குத் தைரியம் வராது. அந்த பிஸ்கட்டை நீங்க யாரும் சாப்பிடக் கூடாது.

— சாப்பிடறதா? பன்னெண்டு வருஷமா கமிட்டியில இருக்கேன் அம்மா. எந்த ஆராய்ச்சியையும் நாங்க வாயில வெச்சதில்ல. போட்டோவுக்குக் கையில பிடிப்போம், அவ்வளவுதான்.

— அப்பாடா.

— தம்பி, கொஞ்சம் பேசாம இருங்க. அதாவதும்மா, போன மாசம் எங்க ஆபீசுக்கு சாம்பிள்னு பத்து கிலோ மாவு அனுப்பியிருந்தீங்க. உங்க சான்றிதழ்ல எல்லாம் சரியா இருந்தது. வருஷக் கடைசிக்குள்ள ‘மக்களிடம் சோதித்தது’ன்னு ஒரு வரி அறிக்கையில வரலைன்னா அடுத்த வருஷம் எங்க நிதியும் போயிடும். அதனால அந்த மாவை ஒரு மாணவர் விடுதிக்குக் கொடுத்துட்டோம்.

— எப்ப சார்?

— போன வாரம். பிள்ளைங்க ஆசையாத்தான் சாப்பிட்டாங்களாம்.

— சார், இப்ப அவங்க...

— முந்தாநாள்ல இருந்து முப்பத்தியொரு பேரு ஆஸ்பத்திரியில இருக்காங்க. டாக்டர் போனைக் கையில வெச்சுக்கிட்டு உங்க பதிலுக்காகக் காத்திருக்கார். மருந்து கொடுக்கணும்னா அவருக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியணுமாம், நீங்கதானே வளர்த்தீங்க, சொல்லுங்கம்மா: அது எந்தப் பூஞ்சை?