வாசலுக்கு ஒரு கம்பம்

— இருபது அடி போதும்ங்க ஐயா. அதுக்கு மேல போனா அந்தக் கரண்டு கம்பி இடிக்கும்.

— நான் முப்பதுன்னு நெனச்சிருந்தேன் தம்பி. தெரு முனையிலயே தெரியணும்.

— முப்பது அடியெல்லாம் ஆபீசுக்கும் பள்ளிக்கூடத்துக்கும்தாங்க. உங்களுது ஒத்தை மாடி. இதுல முப்பது நட்டா, கம்பத்துக்குத் துணையா வீடு கட்டின மாதிரி இருக்கும்.

— சரி, உன் கணக்குப்படியே போடு. ஆனா தேசியக் கொடி ஏத்தற கம்பம், எல்லாம் முறைப்படி இருக்கணும். ஒரு சின்னக் குறைகூட இருக்கக் கூடாது.

— வராதுங்க. நான் நட்ட கம்பம் எதுவும் இதுவரைக்கும் சாஞ்சதில்ல. இரும்புக் குழாய் வேண்டாம், மழையில துரு ஒழுகிக் கொடியில கறை பிடிச்சிடும். ஸ்டீல் போட்டுடலாம். மூணடிக் குழி, அடியில காங்கிரீட். உச்சியில கப்பி, நல்ல நைலான் கயிறு.

— ஏங்க, அந்தக் கயிறு ராத்திரியெல்லாம் குழாயில அடிச்சுக்கிட்டே இருக்குமே. பேங்கு வாசல்ல கேட்டிருக்கேன், டங்கு டங்குன்னு.

— இழுத்துக் கட்டினா அடிக்காதுங்கம்மா.

— இவரா இழுத்துக் கட்டுவாரு? மொட்டை மாடியில துணி காயப் போட இவர் கட்டின கயிறு தொட்டில் மாதிரி தொங்குது. வேணும்னா போய்ப் பாரு.

— நீ கொஞ்சம் சும்மா இரு. தம்பி, முறையைச் சொல்லு. காலையில ஏத்தணும். அப்புறம்?

— விடிஞ்சதும் ஏத்தணும், பொழுது சாயறதுக்குள்ள இறக்கணும். ஏத்தறப்ப விறுவிறுன்னு ஏத்தணும், இறக்கறப்ப மெதுவா. தரையில படக் கூடாது. தலைகீழா மாட்டிடக் கூடாது. பெரிய மழை காத்துன்னா அன்னைக்கு ஏத்தாமலே விட்டுடுங்க, தப்பில்ல. முக்கியமா, அந்தக் கம்பத்துல வேற எதையும் கட்டக் கூடாது. ஒரு வீட்டுல போட்டுக் கொடுத்துட்டு அடுத்த வாரம் போய்ப் பார்த்தா, எருமையைக் கட்டி வெச்சிருக்காங்க.

— இங்க அதெல்லாம் நடக்காது. சரி, அரைக் கம்பத்துல பறக்க விடலாமா? பையன் போன நாள்ல மட்டும்?

— அது நாமளா செய்யக் கூடாதுங்க. அரசாங்கம் சொன்னாத்தான் செய்யணும். வீட்டுத் துக்கத்துக்கு அரைக் கம்பம் கிடையாது.

— என் பையன் பட்டாளத்துக்காரன் தம்பி.

— தெரியும்ங்க. தெருவுல வழி கேட்டப்பவே சொன்னாங்க. அவருக்காக ஏத்தறீங்கன்னா உச்சியிலதான் பறக்கணும்.

— கேட்டியாம்மா? உச்சியிலயாம்.

— கேட்டேன்.

— அப்போ கொடி? எங்கிட்டயே நல்ல துணியில இருக்குங்க.

— வேண்டாம் தம்பி, கொடி இருக்கு. பையன் பெட்டி மேல வந்தது. அதைத்தான் ஏத்தப் போறோம்.

— ஏத்தப் போறோமா? நான் எப்போ சரின்னு சொன்னேன்?

— பத்து மாசமா தலைமாட்டுல வெச்சுக்கிட்டுத் தூங்கற. கொடின்னா காத்துல இருக்கணும்மா.

— அது என் புள்ளையோட வந்த துணி. தம்பி, நீயே சொல்லு, வெயில்லயும் மழையிலயும் கிடந்தா எத்தனை நாள் தாங்கும்?

— ஒரு ஆறு மாசம்ங்கம்மா. அப்புறம் நிறம் வெளுக்கும், ஓரம் பிரிய ஆரம்பிக்கும்.

— தெச்சுக்கலாமா?

— லேசா பிரிஞ்சா தைக்கலாம். கந்தலாயிட்டா ஏத்தக் கூடாதுங்க.

— அப்போ மடிச்சு உள்ள வெச்சுக்கலாம்.

— அது… அப்படி இல்லைங்கம்மா. ஐயா, இது நீங்க சொன்னா நல்லாருக்கும்.

— எனக்கே தெரியாது தம்பி. முறை என்ன, சொல்லு.

— எரிச்சிடணும்ங்க. குப்பையில போடக் கூடாது. யாரும் பார்க்காத இடத்துல, மரியாதையா எரிக்கணும்.

— காதுல விழுந்துச்சாங்க? ஒரு தடவை எரிச்சது போதாதா உங்களுக்கு?

— சத்தியமா எனக்கு இது தெரியாதும்மா.

— பெட்டியைத் திறக்கவே விடல. மூஞ்சியைக்கூடக் கண்ணுல காட்டல. அன்னைக்கு என் கை பட்டதெல்லாம் அந்தத் துணியில மட்டும்தான். அதையும் கொண்டுபோய்க் கொளுத்தணும்னா, நான் எதைப் பிடிச்சுக்கிட்டு அழறது?

— அம்மா, அழாதீங்க. இப்போதைக்கு அளவு மட்டும் பார்த்துக்கறேன். கம்பத்துக்கும் கொடிக்கும் பொருத்தம் வேணும். கொடியை நீங்களே எடுத்துட்டு வந்து பிடிச்சுக்குங்க, நான் தொடல. டேப்பை மட்டும் வெக்கறேன்.

— கையைத் துடைச்சுக்க.

— துடைச்சிட்டேன்ங்க. நாலரை அடிக்கு மூணு. ஐயா, பெட்டி மேல போர்த்தற கொடி இதைவிட நல்லா பெருசா இருக்குமேங்க. நானும் ரெண்டு மூணு சாவுல பார்த்திருக்கேன். ரெண்டு பக்கமும் வழிஞ்சு தொங்கும். இது என்னமோ…

— ஏம்மா, தம்பிக்குக் குடிக்கத் தண்ணி கொண்டு வாயேன். வந்ததுல இருந்து வெயில்லயே நிக்கிறான்.

— கொண்டு வரேன். கொடியையும் எடுத்துக்கிட்டுத்தான் போவேன்.

— எடுத்துக்கிட்டே போ… தம்பி, கொஞ்சம் இப்படி வா. மெதுவாப் பேசு.

— ஏதாவது தப்பாக் கேட்டுட்டேன்ங்களா?

— சரியாத்தான் கேட்ட. அது அரசாங்கம் போர்த்தின கொடி இல்ல. பையன் சண்டையில சாகல. முகாம்ல ஏதோ விஷக் காய்ச்சல், மூணே நாள்ல முடிஞ்சுது. அதுக்கெல்லாம் கொடி கிடையாதுன்னுட்டாங்க. வெறும் பெட்டிதான். வேன்ல நான்தான் கூட வந்தேன். இங்க ஊரே வாசல்ல நிக்கும், எல்லாருக்கும் முன்னாடி இவ நிப்பா. வெறும் பெட்டியை எப்படிடா இறக்கறதுன்னு மனசு கேக்கல. வழியில வண்டியை நிறுத்தி ஒரு கடையில வாங்கினேன். இருந்ததுலயே பெருசு அதுதான்.

— ஐயா…

— நாமளாப் போர்த்தக் கூடாதுன்னு தெரியும் தம்பி. தெரிஞ்சேதான் செஞ்சேன். இப்போ அவ அதைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டுத் தூங்கறா, நான் சுவத்தைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கறேன். கம்பத்துல ஏறிட்டா அது எல்லார் வீட்டுலயும் பறக்கற கொடி. அதுல பொய் இல்ல. அதுக்குத்தான் இந்தக் கம்பம், இந்த முறை, எல்லாம்.

— அம்மாகிட்ட உண்மையைச் சொல்லிடலாமேங்க.

— சொல்லிட்டா அவ கையில என்ன மிஞ்சும்?

— வராங்க ஐயா. கண்ணைத் துடைங்க.

— இந்தா தம்பி, தண்ணி. ஏங்க, நான் யோசிச்சுட்டேன். கம்பம் நடச் சொல்லுங்க. புதுசா ஒரு கொடி வாங்கி, நீங்க கேட்ட மாதிரி முறைப்படி ஏத்துங்க. இது என்கிட்டயே இருக்கட்டும்.

— அந்தக் கொடியைப் பத்தி உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்மா. இனிமேலும் மறைக்க என்னால முடியாது.

— ஒண்ணும் சொல்ல வேண்டாம். அன்னைக்கு ஊரே கூடி நின்னப்போ, பெட்டி மேல விழுந்து அழற மாதிரி குனிஞ்சு, அதோட மூலையில ஒட்டியிருந்த கடைச் சீட்டை நகத்தால சுரண்டி எடுத்தவளே நான்தாங்க.