மடிச்சவர்

— வாசி மக்களே, சுமி. எனக்கு மலையாளம் பேசத்தான் வரும், எழுத்து ஒண்ணும் பிடிபடாது.

— நாளைக்குத் திறப்பு விழாவில வாசிப்பாங்களே, தங்கபாய் அக்கா.

— இந்தக் கல்லைத் துணி போட்டு மூடுறதுக்கு முந்தி எனக்குக் கேக்கணும். வாசி.

— “ஸ்வாதந்த்ரியத்தினு வேண்டி…” அதுக்குக் கீழ பேருங்க. மூணாவது உங்க தாத்தா, யோசுவா.

— எங்க, என் விரலப் பிடிச்சு வை. இதா? கல்லு குளுந்து கிடக்கு பாரு. ஆளு பர்மாக் காட்டுல எங்க கிடக்காரோ. இந்தக் கல்லறைத் தோட்டத்துல ஆறடிதான் இல்ல, பேராவது கிடக்கட்டும்.

— இதேதான் அக்கா.

— மலேயாவுக்கு ரப்பர் வெட்டப் போனவரு, ஐ.என்.ஏ. பட்டாளத்துல சேந்துட்டாரு. செத்த செய்தி வரவே இல்ல, கேட்டியா. பயந்து ஓடிட்டான், அங்க எவளோடயோ இருக்கான்னு ஊரே சொல்லிச்சு. எங்க அம்மைக்குப் பள்ளிக்கூடத்துல பேரே ‘ஓட்டக்காரன் மவ’. சாகுற வரைக்கும் அந்தப் பேரு போகல.

— அக்கா…

— நீ முழுசா வாசிக்கல்லியே. “வேண்டி”க்குப் பிறகு என்னது?

— மரிச்சவர்.

— ஏன் சத்தம் உள்ள போவுது?

— நான் ‘மரிச்சவர்’னுதான் டைப் பண்ணிக் குடுத்தேன். கல்லுல ‘மடிச்சவர்’னு கொத்திட்டாங்க. ‘ர’வுக்குப் பதிலா ‘ட’.

— மடிச்சவரா? ‘மடிச்சு நிக்காதே, கேறி வா’ன்னு பஸ்ஸுல கத்துவானே, அந்த மடியா?

— அதுதான். தயங்கினவங்க.

— சுதந்திரத்துக்குத் தயங்கினவங்க… நீ எப்பம் பாத்தே?

— போன வாரம். கமிட்டி வாட்ஸாப்புல போட்டோ வந்துது.

— அப்பந்தொட்டு வாயில என்ன, கொழுக்கட்டையா? பி.எஸ்சி. படிச்ச பிள்ளதானே நீ?

— முன்ன ஒருக்க நோட்டீஸுல ஒரு தப்பச் சொன்னேன். ‘பாண்டி வந்து நமக்கு மலையாளம் படிப்பிக்குது’ன்னு, தமிழ்க்காரின்னு இளக்காரமா சிரிச்சாங்க. நோட்டீஸுல இருந்தது தப்புதான் அக்கா. ஆனா எல்லாரும் சிரிச்சதுல எனக்கே சந்தேகம் வந்துட்டு. இந்தத் தடவை எல்லாரும் கைகூப்புற படம் போட்டாங்க. நானும் போட்டேன்.

— சவமே! வெடிகுண்டுக்கு முன்ன நின்னவரு எங்க தாத்தா. உனக்கு நாலு பேரு சிரிச்சா தாங்காதா?

— நீங்க கூட நின்னா சொல்லுவேன்.

— நிக்கேன். அந்தா, செக்ரட்டரி சாரே வாராரு. தலையத் தூக்கிச் சொல்லு.

— எந்தா தங்கபாயீ, இப்பவே வந்தாச்சா? நாளைக்கு முன்வரிசை கசேர உங்களுக்குத்தன்னே. மந்திரி ஷால் போடும். போட்டோ எல்லா தினப்பத்திரத்திலயும் வரும், கேட்டோ.

— எனக்கா சாரே? ஷாலா?

— பின்னே? யோசுவான்டெ குடும்பம் அல்லே!

— சார்… அந்தக் கல்லுல…

— கல்லுல எந்தா சுமி? தப்பு ஒண்ணும் இல்லல்லோ?

— ஒண்ணும் இல்ல சாரே. நல்லாருக்குன்னு சொல்ல வந்தா இவ. பிள்ளைக்குச் சொல்ல ஒரு மடி.